சோலாரிஸை விடுவதா, வைத்துக்கொள்வதா? தலைப்புச் செய்தியும் சர்வர் அறைக் கணக்கும்

"2017லேயே சோலாரிஸ் செத்துப்போச்சுன்னு செய்தி வந்துச்சே சார், இன்னும் எதுக்கு இதுக்கு ஏஎம்சி கட்டுறோம்?"

சோலாரிஸ் என்பது பெரிய சர்வர்களில் ஓடும் ஒரு யூனிக்ஸ் இயங்குதளம், ஏஎம்சி என்பது அதற்கான ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். நிதிப் பிரிவு இப்படிக் கேட்காத நிறுவனத்தில் சோலாரிஸ் நிர்வாகியாக இருப்பவர் கொடுத்துவைத்தவர். மற்றவர்களுக்கு வருஷம் ஒருமுறை, ஏஎம்சி புதுப்பிக்கும் மாதத்தில், இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. எனக்கு எழுதிக் கேட்பவர்களின் நிலைமையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பார்க் என்ற சில்லில் ஓடும் சர்வர்கள் நாலைந்து, அவற்றின் மேல் ஆரக்கிள் டேட்டாபேஸ். கூடவே யாரோ எழுதி, வேறு யாரோ திருத்தி, இன்றைக்கு எவருக்குமே முழுசாகத் தெரியாத ஒரு அப்ளிகேஷன். மாற்ற வேண்டுமா, மாற்றினால் எதற்கு என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

வழிகள் நான்கு. சோலாரிஸ் 11.4இலேயே இருப்பது, ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸுக்குப் போவது, லினக்ஸுக்குப் போவது, சோலாரிஸின் திறந்த மூலக் கிளையான இல்லூமோஸுக்குப் போவது. இவற்றை எடைபோடும் முன், எல்லோர் மனதிலும் உட்கார்ந்திருக்கும் அந்தச் செய்திகளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பாதி முடிவு அங்கேதான் எடுக்கப்பட்டுவிடுகிறது.

## புகழ்ந்ததும் புதைத்ததும்

சோலாரிஸைப் பத்திரிகைகள் எப்போதுமே இரண்டு எல்லைகளில் நின்றுதான் பார்த்தன. 1992இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் யூனிக்ஸின் பிஎஸ்டி கிளை வழி வந்த தன் பழைய சன்ஓஎஸ்ஸை விட்டு, இன்னொரு கிளையான சிஸ்டம் ஃபைவ் வழியில் சோலாரிஸ் 2ஐக் கொண்டுவந்தபோது வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. "ஸ்லோலாரிஸ்" என்று பட்டப்பெயரே வந்தது. பத்தாண்டு கழித்து, 2002 ஜனவரியில், இன்டெல் சில்லுகளுக்கான சோலாரிஸ் 9ஐத் தள்ளிவைப்பதாக சன் சொன்னதும் பெரிய கூச்சல் எழுந்தது. பிறகு அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

2005 ஜனவரி கடைசியில் சோலாரிஸ் 10 வெளியானபோது காற்று முழுக்கத் திசைமாறியது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தாமலே அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள டிட்ரேஸ், ஒரே கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பல தனி அறைகளாக ஜோன்கள், சேவைகளைக் கவனித்துக்கொள்ள எஸ்எம்எஃப், அடுத்த ஆண்டு ஜூன் வெளியீட்டில் கோப்பு முறைமையான ஸெட்எஃப்எஸ். டிட்ரேஸை எழுதிய மூவரில் ஒருவரான பிரையன் கான்ட்ரில், எம்ஐடியின் டெக்னாலஜி ரிவ்யூ 2005இல் வெளியிட்ட 35 வயதுக்குட்பட்ட 35 பேர் பட்டியலில் இடம்பெற்றார். 2006இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் தொழில்நுட்பப் புதுமை விருதுகளில் முதல் பரிசு டிட்ரேஸுக்கு. ஒரு இயங்குதளத்தின் பிழைதேடும் கருவிக்கு ஒரு வணிக நாளிதழ் முதல் பரிசு கொடுத்தது அதற்கு முன் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தப் புகழ்ச்சியில் பொய் எதுவும் இல்லை. இன்று திரும்பிப் பார்த்தால் அந்த நுட்பங்கள் எல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பி ஊரெல்லாம் வாழ்கின்றன. டிட்ரேஸ் ஃப்ரீபிஎஸ்டிக்கும் 2007இல் மேக்கிற்கும் போனது. ஸெட்எஃப்எஸ் ஓப்பன்ஸெட்எஃப்எஸ்ஸாகி லினக்ஸில் ஓடுகிறது. ஆனால் 2005இல் பாராட்டைப் படித்து சோலாரிஸ் வாங்கியவர் பொருளை நம்பி வாங்கினார், அதை விற்ற கடையே ஐந்து ஆண்டில் கைமாறும் என்று எந்த விமரிசனமும் அவருக்குச் சொல்லவில்லை. 2010 ஜனவரியில் 740 கோடி டாலருக்கு ஆரக்கிள் சன்னை வாங்கி முடித்தது. அதே ஆண்டிலேயே ஓப்பன்சோலாரிஸ் மூடப்பட்டது. இலவசமாகப் பயன்படுத்தலாம் என்றிருந்த சோலாரிஸ் 10, 90 நாள் சோதனை உரிமமாகச் சுருங்கியது.

பிறகு இரங்கல் செய்தி. 2017 ஜனவரியில் ஆரக்கிளின் ரோட்மேப்பிலிருந்து சோலாரிஸ் 12 காணாமல் போனது. செப்டம்பரில் சோலாரிஸ், ஸ்பார்க் குழுக்களில் பெரிய ஆட்குறைப்பு. தலைப்புகள் எல்லாம் கருப்புக் கட்டம் போட்டுவிட்டன. ஆனால் ஓராண்டுக்குள், 2018 ஆகஸ்டில், சோலாரிஸ் 11.4 வந்தது. அதற்கு இன்றுவரை மாதாமாதம் திருத்தங்கள் வருகின்றன. ஆரக்கிள் எழுதிக்கொடுத்திருக்கும் பிரீமியர் ஆதரவு 2031 நவம்பர் வரை, அதற்கு மேல் நீட்டிப்பு ஆதரவு தனி. செத்ததாகச் சொன்ன நாளில் குறைந்தது 14 ஆண்டு ஆயுள் மீதி இருந்திருக்கிறது.

இப்போது இன்னொரு பக்கம். லினக்ஸ் உலகில், ரெட் ஹேட் லினக்ஸின் இலவச வடிவமான சென்ட்ஓஎஸ்ஸுக்கு யாரும் இரங்கல் எழுதி வைத்திருக்கவில்லை. எட்டாம் பதிப்பு 2029 வரை ஓடும் என்று நம்பி ஆயிரக்கணக்கானோர் நிறுவினார்கள். 2020 டிசம்பர் 8 அன்று ஒரு அறிவிப்பு வந்தது: 2021 டிசம்பரோடு முடிகிறது. செத்ததாகச் சொன்னது வாழ்ந்தது, வென்றதாகச் சொன்னது ஓராண்டு அவகாசத்தில் போனது. உண்மையிலேயே செத்த, ஹெச்பியின் யூனிக்ஸான ஹெச்பி-யூஎக்ஸோ சத்தமில்லாமல் போனது. அதன் அடியில் இருந்த இட்டானியம் சில்லுகளை நிறுத்தப்போவதாக இன்டெல் 2019 ஜனவரியில் சொன்னது, கடைசிச் சரக்கு 2021 ஜூலையில் போனது, 2025 டிசம்பர் 31உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. இந்தத் தேதிகள் எல்லாம் முன்கூட்டியே காகிதத்தில் இருந்தன. காகிதத்தைப் பார்த்தவர்கள் தயாராக இருந்தார்கள்.

ஆகவே நிதிப் பிரிவுக்குப் பதில் சொல்ல வேண்டியது தலைப்புச் செய்தியை வைத்து அல்ல, காகிதத்தை வைத்து.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயம் போதும். இருபது அளவுகோல் வைத்து மதிப்பெண் போடும் எக்செல் தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முடிவை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு மதிப்பெண்ணைத் திருத்தியவையே அதிகம்.

தேதி. ஆதரவு எந்த மாதம்வரை என்று வெண்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார்? "நாங்கள் தொடர்ந்து முதலீடு செய்கிறோம்" என்பது தேதி ஆகாது.

இரும்பு. இயங்குதளத்துக்கு ஆயுள் இருந்தும் அது ஓடும் சில்லுக்கு இல்லையென்றால் என்ன பயன்?

மேலே ஓடுவதன் லைசென்ஸ். டேட்டாபேஸின் கட்டணம் இயங்குதளத்தின் கட்டணத்தைவிடப் பலமடங்கு. பலர் சின்னதை மிச்சம் பிடிக்கப்போய்ப் பெரியதில் மாட்டுகிறார்கள். சில்லின் கோர் எண்ணிக்கையை அந்தச் சில்லுக்கான கோர் மடங்கால் பெருக்கித்தான் ஆரக்கிள் லைசென்ஸ் எண்ணுகிறது.

தரவும் நிரலும். நிரலின் மூலம் கையில் இருக்கிறதா? தரவு எந்த பைட் வரிசையில் (ஒரு எண்ணின் பைட்டுகளை எந்தப் பக்கத்திலிருந்து எழுதுவது என்பது) இருக்கிறது?

ஆள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினால் வந்து சரிசெய்யத் தெரிந்தவர் எத்தனை பேர், அவர்களுக்கு வயது என்ன?

| | சோலாரிஸ் 11.4 | ஏஐஎக்ஸ் 7.3 | லினக்ஸ் | இல்லூமோஸ் |
|---|---|---|---|---|
| எழுத்தில் உள்ள தேதி | பிரீமியர் 2031 நவம்பர் | பதிப்புக்கும் டெக்னாலஜி லெவலுக்கும் தனித்தனி | ரெட் ஹேட் 9: 2032, 10: 2035 | ஓம்னிஓஎஸ் நீண்டகால வெளியீடு, மூன்று ஆண்டு |
| சில்லு | ஸ்பார்க் (2017க்குப் பின் புதிது இல்லை), எக்ஸ்86 | பவர் மட்டும், 2025இல் பவர்11 | எக்ஸ்86, பவர், ஆர்ம், மெயின்ஃபிரேம் | எக்ஸ்86 |
| ஆரக்கிள் கோர் மடங்கு | 0.5 | 1.0 | எக்ஸ்86இல் 0.5 | சான்றிதழ் இல்லை |
| ஸ்பார்க்கிலிருந்து பைட் வரிசை | அதே | அதே | எக்ஸ்86இல் தலைகீழ் | தலைகீழ் |
| ஆள் கிடைப்பது | அரிது | சுமார் | எளிது | மிக அரிது |

## சோலாரிஸிலேயே இருப்பது

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 2031 வரை பேட்ச் (பிழைத்திருத்தம்) உண்டு என்பது கையெழுத்தான விஷயம். பழைய பைனரிகள் புதிய சோலாரிஸில் ஓடும் என்ற உத்தரவாதம் சன் காலத்திலிருந்து தொடர்கிறது. சோலாரிஸ் 10 சர்வரை அப்படியே படமெடுத்து 11.4இன் உள்ளே சோலாரிஸ் 10 ஜோனாக உட்காரவைக்கலாம். அப்ளிகேஷனுக்கு வீடு மாறியதே தெரியாது. அப்படி மாற்றப்பட்ட பெட்டிகள் ஆண்டுக்கணக்கில் புகார் இல்லாமல் ஓடுவதைக் கண்டிருக்கிறேன்.

லைசென்ஸ் பக்கமும் சாதகம்தான். ஆரக்கிள் தன் கணக்கில் ஸ்பார்க் எம்7, எம்8 கோர்களுக்கு 0.5 மடங்குதான் போடுகிறது. கோர் வரம்பு கட்டிய ஜோன்களைக் கடினப் பிரிவாகவும் ஏற்றுக்கொள்கிறது. அதாவது 32 கோர் பெட்டியில் 8 கோர் ஜோனுக்குள் டேட்டாபேஸ் ஓடினால் 8க்கு மட்டும் கணக்கு. இதே வேலையை விஎம்வேர் என்ற மெய்நிகர் சர்வர் மென்பொருளில் செய்தால் ஆரக்கிள் அதைப் பிரிவாகவே ஒப்புக்கொள்வதில்லை. மாறிய பிறகு தணிக்கை வந்து, முழு கிளஸ்டருக்கும் பணம் கேட்ட கதைகளைக் கேட்டிருப்பீர்கள்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். முதலாவது, இரும்பு. 2017 செப்டம்பரில் வந்த எம்8தான் ஆரக்கிளின் கடைசி ஸ்பார்க் சில்லு. அதே ஆண்டு எம்12ஐக் கொண்டுவந்த ஃபுஜிட்சு, யூனிக்ஸ் சர்வர் விற்பனையை 2029இல் நிறுத்துவதாக 2022இல் அறிவித்துவிட்டது. மென்பொருளுக்கு 2031 என்றால் உதிரிப் பாகத்துக்கு எந்த ஆண்டு என்று தனியாகக் கேளுங்கள். இரண்டாவது, 11.4 எல்லாப் பழைய ஸ்பார்க்கிலும் ஏறாது. ஸ்பார்க் டி4 சில்லுக்கு முந்திய பெட்டிகளை அது ஏற்பதில்லை. "சும்மா ஓஎஸ்ஸை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்" என்று கிளம்பினால் பெட்டியும் வாங்க வேண்டிவரும்.

மூன்றாவது பாதுகாப்பு. ஆதரவு ஒப்பந்தம் இல்லாமல் பேட்ச் கிடையாது. ஒப்பந்தத்தை விட்டுவிட்டு அவசரத்துக்குத் திரும்பப் போனால் மீள்சேர்ப்புக் கட்டணம் உண்டு. பேட்ச் போடாமல் ஓட்டலாமே என்பவர்களுக்கு 2020ஆம் ஆண்டை நினைவுபடுத்துகிறேன். சோலாரிஸின் உள்நுழைவுப் பகுதியில் இருந்த ஒரு பழைய ஓட்டையைத் தாக்குதல்காரர்கள் உண்மையிலேயே பயன்படுத்தியது அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. அபாய அளவு பத்துக்குப் பத்து. "இதை யார் சார் ஹேக் பண்ணப்போறாங்க" என்ற வாதம் அத்தோடு போயிற்று.

நான்காவது ஆள். லினக்ஸில் வளர்ந்த பையன் ஒருவன் வருகிறான். ஒரு சேவை தொங்குகிறது. பழக்கதோஷத்தில் கில்ஆல் என்று அடித்து அந்தச் சேவையின் பெயரையும் சேர்க்கிறான். லினக்ஸில் அது அந்தப் பெயருள்ள புராசஸை மட்டும் கொல்லும். சோலாரிஸில் அந்தக் கட்டளையின் வேலையே வேறு. பெட்டியை மூடும் நேரத்தில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொல்வதற்கு வைத்தது. ரூட்டாக (முழு அதிகாரக் கணக்கில்) இருந்தால் அடுத்த நொடியில் பெட்டியில் எதுவும் மிஞ்சாமல் போகலாம். சோலாரிஸ் தெரிந்த ஆள் ஓய்வுபெறும்போது ஏற்படும் செலவு இந்த மாதிரிதான் வரும், எந்த பட்ஜெட்டிலும் இதற்கு வரி கிடையாது.

மேலே ஓடும் அப்ளிகேஷனே ஐந்தாறு ஆண்டில் மூட்டைகட்டப் போகிறது என்றால் இங்கேயே இருங்கள். மூலம் தொலைந்துபோன பைனரி இருந்தாலும் இங்கேயே இருப்பதைத் தவிரப் பெரிய வழியில்லை. ஸ்பார்க்கை எக்ஸ்86இன் மேல் நடித்துக்காட்டும் எமுலேட்டர்கள் விற்பனையில் உண்டு, அவற்றை இரும்பு கைவிட்டபின் கடைசி ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

## ஏஐஎக்ஸுக்குப் போவது

1986இலிருந்து இருக்கிற இயங்குதளம். பத்திரிகை வெளிச்சம் இதன்மேல் அதிகம் விழுந்ததில்லை. விழுந்தபோதெல்லாம் காரணம் வேறு. 2003இல் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குப் போட்டு, ஏஐஎக்ஸின் யூனிக்ஸ் உரிமத்தையே ரத்து செய்துவிட்டதாக அறிவித்தபோது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஏஐஎக்ஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வழக்கு இழுத்து இழுத்து 2021இல்தான் சமரசமாக முடிந்தது. பிறகு 2023 ஜனவரியில், அமெரிக்காவில் மிச்சமிருந்த ஏஐஎக்ஸ் உருவாக்கப் பணிகள் இந்தியாவுக்கு மாற்றப்படுகின்றன என்று ஒரு செய்தி வெளிவந்தது. அதை ஏஐஎக்ஸின் முடிவுக்கு அறிகுறியாக எழுதியவர்கள் உண்டு. வேலை ஆஸ்டினில் நடந்தால் வாழ்வு, இந்தியாவில் நடந்தால் சாவு என்ற கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

காகிதத்தில் இருப்பது இது: 2021 டிசம்பரில் ஏஐஎக்ஸ் 7.3. அதே ஆண்டு பவர்10, 2025 ஜூலையில் பவர்11. சில்லு வந்துகொண்டே இருக்கிறது. ஸ்பார்க்கிலிருந்து வருபவருக்கு நிஜமான ஆறுதல் இதுதான்.

இரண்டாவது ஆறுதல் பைட் வரிசை. ஒரு எண்ணை நினைவகத்தில் பெரிய பக்கத்திலிருந்து எழுதுவது ஸ்பார்க்கின் வழக்கம். ஏஐஎக்ஸும் அப்படியே. எக்ஸ்86 சின்னப் பக்கத்திலிருந்து எழுதும். அதனால் ஏஐஎக்ஸுக்குப் போனால் டேட்டாபேஸ் கோப்புகளைப் பைட் மாற்றாமல் கொண்டுபோகலாம், சி நிரல்கள் எழுதிவைத்த பைனரி கோப்புகளையும் அப்படியே படிக்கலாம். பல டெராபைட் தரவும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவகாசமும் வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஓடும் எல்பாரை (பெட்டிக்குள் பிரித்துவைத்த மெய்நிகர் சர்வர்) நிறுத்தாமலே ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் வசதி, மொத்தச் சர்வரையும் மீட்கும் எம்கேசிஸ்பி, கட்டளை மறந்தாலும் வழிகாட்டும் ஸ்மிட்டி மெனு இவையெல்லாம் கூடுதல் வசதி. ஸ்மிட்டியைக் கேலி செய்பவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு அதையேதான் திறக்கிறார்கள்.

மறைந்த செலவு ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரியது. பவர் கோர்களுக்கு ஆரக்கிள் போடும் மடங்கு 1.0. ஸ்பார்க்கில் 16 கோருக்கு 8 லைசென்ஸ் வைத்திருந்தவர் பவரில் 16 கோர் எடுத்தால் 16 லைசென்ஸ் வேண்டும். டேட்டாபேஸ் என்டர்பிரைஸ் பதிப்பின் பட்டியல் விலை ஒன்றுக்கு 47,500 டாலர். கூடுதல் எட்டுக்கு 3,80,000 டாலர், அதன்மேல் ஆண்டுதோறும் 22 சதவீத ஆதரவுக் கட்டணமாக 83,600 டாலர். பட்டியல் விலையில் யாரும் வாங்குவதில்லை என்பது உண்மை. பவர் கோர் ஒன்று பழைய ஸ்பார்க் கோரைவிட வேகமாக ஓடும், அதனால் 16க்குப் பதில் 8 போதும் என்று விற்பனையாளர் சொல்வார். சொல்லட்டும், உங்கள் வேலையை உங்கள் தரவோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் கணக்கு சமமாகிவிடும்.

மற்றபடி ஒரே வெண்டரிடமிருந்து இன்னொரு ஒரே வெண்டரிடம் போகிறீர்கள். அதில் உங்களுக்குச் சங்கடம் இல்லையென்றால், அப்ளிகேஷனுக்கு ஏஐஎக்ஸ் சான்றிதழ் இருந்தால், இன்னும் பத்து பதினைந்து வருஷம் அது வாழப்போகிறது என்றால், ஏஐஎக்ஸ் நல்ல வீடு. டேட்டாபேஸ் ஐபிஎம்மின் டிபி2 என்றால் ஆரக்கிள் மடங்கு என்ற பேச்சே இல்லை.

## லினக்ஸுக்குப் போவது

எல்லோரும் சொல்வது இதைத்தான், பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார்கள். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர்கணினிகள் அனைத்தும் லினக்ஸ். ஆரக்கிளே தன் டேட்டாபேஸின் புதுப் பதிப்பை முதலில் லினக்ஸுக்குத்தான் வெளியிடுகிறது. ஆள் கிடைக்கிறார்கள். ரெட் ஹேட் ஒவ்வொரு பதிப்புக்கும் பத்து ஆண்டு எழுதித் தருகிறது. சோலாரிஸ்காரர்கள் பிரிய மாட்டேன் என்ற டிட்ரேஸுக்கு இணையாக ஈபிபிஎஃப் வளர்ந்துவிட்டது, ஆரக்கிள் லினக்ஸில் டிட்ரேஸே கிடைக்கிறது. எஸ்எம்எஃப் தெரிந்தவருக்கு, லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி புரிய ஒரு வாரம் போதும். திட்டிக்கொண்டே கற்றுக்கொள்வார்.

ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சந்தா விலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவர்கள் சுமைகூலியில்தான் சரிகிறார்கள்.

பைட் வரிசையை மேலே சொன்னேன். எக்ஸ்86க்கு வந்தால் டேட்டாபேஸ் கோப்புகளை ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேன் வழியாக மாற்ற வேண்டும், அல்லது அதன் ஏற்றுமதிக் கருவியான டேட்டா பம்ப்பில் ஏற்றி இறக்க வேண்டும். படிப்படியான பேக்கப்புகளைக் கொண்டு நிறுத்த நேரத்தைக் குறைக்கும் முறை உண்டு, ஆனால் மூன்று ஒத்திகையாவது இல்லாமல் அதில் இறங்காதீர்கள். ஜாவாவில் எழுதியது கவலையில்லாமல் வந்துசேரும். சி, சி++இல் எழுதி, கட்டமைப்பை அப்படியே கோப்பில் கொட்டிவைக்கும் நிரல் இருந்தால் அதை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடிக்க வேண்டும். அது பிழைச் செய்தி எதுவும் கொடுக்காது. 1 என்ற எண்ணை 1,67,77,216 என்று படித்துவிட்டு அமைதியாக மேலே போகும்.

ஷெல் ஸ்கிரிப்ட்டுகள் அடுத்த கண்ணி. சோலாரிஸின் பழைய ஆக் (awk) கட்டளை, சன் கம்பைலரின் விருப்பக்கொடிகள், யூசிபி அடைவில் இருந்த பழைய கட்டளைகள் என்று சின்னச் சின்ன வித்தியாசங்கள். ஒவ்வொன்றும் அரை மணி நேர வேலை, ஆனால் அப்படி ஆயிரம் இருக்கும்.

ஸெட்எஃப்எஸ் பற்றி ஒரு வார்த்தை. லினக்ஸில் ஓப்பன்ஸெட்எஃப்எஸ் நன்றாகவே ஓடுகிறது. சன் வைத்த சிடிடிஎல் உரிமமும் லினக்ஸின் ஜிபிஎல் உரிமமும் ஒத்துப்போகாததால் அது கர்னலுக்கு வெளியேதான் நிற்கிறது. உபுண்டு 16.04இலிருந்து சேர்த்துத் தருகிறது, ரெட் ஹேட் தருவதில்லை. ரெட் ஹேட்டில் நீங்களாகப் போட்டுக்கொண்டால் கர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் அது ஏறுகிறதா என்று பார்ப்பது உங்கள் பாடு. முக்கியத் தரவை அதன்மேல் வைத்து, வெண்டர் ஆதரவும் வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

எந்த லினக்ஸ் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். சுருக்கமாக: டேட்டாபேஸ் ஆரக்கிள்தான் என்றால் ஆரக்கிள் லினக்ஸ் ஒரே வெண்டர் பேச்சோடு முடியும், அதன் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மில் கோர்களைக் கட்டிவைத்தால் கடினப் பிரிவாகவும் ஏற்பார்கள். சான்றிதழ் பட்டியல் நீளம் முக்கியம் என்றால் ரெட் ஹேட். இலவச வழியில் ராக்கி, அல்மா இரண்டும் சென்ட்ஓஎஸ் 8 முடியப்போகிறது என்ற அறிவிப்புக்குப் பிறகு 2021இல் வந்தவை. 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூல நிரலைப் பொதுவில் வைப்பதைக் குறைத்தபோது இரண்டும் ஆளுக்கொரு வழி எடுத்தன. பணம் கட்டாத வழியில் தேதியை எழுதிக்கொடுப்பவர் யார் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மூலம் கையில் இருக்கிறது, அப்ளிகேஷன் இன்னும் வளரப்போகிறது, மைக்ரேஷனுக்கு ஓராண்டும் ஆளும் ஒதுக்க மேலிடம் தயார் என்றால் லினக்ஸ்தான். அந்த மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டை வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

## இல்லூமோஸ்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஓப்பன்சோலாரிஸை ஆரக்கிள் மூடிய அதே 2010 ஆகஸ்டில் பிறந்தது. ஓம்னிஓஎஸ், ஸ்மார்ட்ஓஎஸ், ஓப்பன்இந்தியானா என்று கிளைகள். ஜோன், ஸெட்எஃப்எஸ், டிட்ரேஸ், எஸ்எம்எஃப் நான்கும் ஒரே கூரையின்கீழ் இன்றும் திறந்த மூலமாகக் கிடைப்பது இங்கேதான். டிட்ரேஸ் எழுதிய கான்ட்ரில் 2019இல் மற்றவர்களோடு தொடங்கிய ஆக்சைடு நிறுவனம் தன் சர்வர் அடுக்குகளை இதன்மேல்தான் கட்டுகிறது. பத்திரிகைகள் இதைக் கண்டுகொள்வதில்லை, அதனால் யாரும் இதற்கு இரங்கலும் எழுதவில்லை.

ஸ்பார்க் ஆதரவை 2021இல் கைவிட்டுவிட்டார்கள். ஆரக்கிள் டேட்டாபேஸுக்குச் சான்றிதழ் இல்லை. வணிக அப்ளிகேஷன் எதுவும் இதை ஆதரிப்பதாகச் சொல்லாது. கோப்புச் சர்வர், பேக்கப் இலக்கு, நீங்களே எழுதிய நிரல் என்றால் அருமையான இடம். வங்கிக் கணக்கை இதில் ஓட்ட நினைத்தால் உங்கள் தைரியத்தைப் பாராட்டிவிட்டு நகர்ந்துகொள்வேன்.

## என்னிடம் கேட்டால்

முதலில் சொன்ன அந்த நாலைந்து ஸ்பார்க் பெட்டிக்காரருக்கு நான் சொல்வது: ஒரே முடிவாக எடுக்காதீர்கள். டேட்டாபேஸையும் அப்ளிகேஷனையும் தனித்தனியாகப் பாருங்கள். டி4க்கு முந்திய பெட்டிகளில் இருப்பவற்றை முதலில் புதிய பெட்டியில் சோலாரிஸ் 10 ஜோன்களாக்கி அவசரத்தைக் குறையுங்கள். ஜாவா அப்ளிகேஷன்களை இந்த ஆண்டே லினக்ஸுக்கு நகர்த்துங்கள், அவை தகராறு செய்யாது. டேட்டாபேஸைக் கடைசியாக, பைட் வரிசை ஒத்திகைகள் முடிந்தபிறகு. 2031ஐக் கெடுவாக வைக்காமல் ஃபுஜிட்சு சொன்ன 2029ஐ வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். உங்கள் பெட்டி ஃபுஜிட்சு இல்லையென்றாலும் பரவாயில்லை, உதிரிப் பாகச் சந்தை யாருக்கும் தனியாக இயங்குவதில்லை.

எந்த வழியில் போனாலும், கட்ஓவர் (புதிய பெட்டிக்கு மாறுவது) முடிந்த மறுவாரமே பழைய பெட்டியை ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான் வேலைபார்த்த ஒரு நிறுவனத்தில் அப்படிக் கொடுத்தோம். ஜூலையில் மாறினோம், எல்லாம் நன்றாக ஓடியது, கேக் வெட்டினோம். மார்ச் 31 ராத்திரி ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை ஓடவில்லை. எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவரின் பெயரில் இருந்த, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் பட்டியலில், வருஷத்துக்கு ஒரே ஒருமுறை ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் இருந்திருக்கிறது. பழைய டேப்பிலிருந்து அதை எடுத்துப் படித்து, திருத்தி, ஓட்டி முடிக்கும்போது ஏப்ரல் 2 விடிந்துவிட்டது.